தெல்மா கலக்கிய தண்ணீர்

தெல்மா ஆர்கில் காய்ச்சிய பியரை இங்கிலாந்தின் எங்கள் பர்ட்டன் ஊரில் என் அளவுக்குக் குடித்தவர்கள் யாரும் கிடையாது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அவள் கணவன் நெவில் வேண்டாமென்று தள்ளிய பாட்டில்கள் எல்லாம் வேலியைத் தாண்டி என் வீட்டுக்குத்தான் வந்தன. பக்கத்து வீட்டுக்காரன் என்பவன் குப்பைத்தொட்டிக்கு ஒரு படி மேல் என்பது அவர்கள் கணக்கு. ஓசியில் வருவதை வேண்டாமென்று சொல்லும் வழக்கம் எனக்கும் இல்லை.

தெல்மாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட். ஊராரைப் பெற்ற அப்பா அம்மாக்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, துடைத்துவிட்டு மூன்று மணிக்கு பஸ் பிடித்து வருவாள். வந்து அதே வேலைகளை நெவிலுக்குத் தொடங்குவாள். வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றும்போது மட்டும் அவளை ஓய்வாகப் பார்க்கலாம். கழற்றிய ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். எப்படி இருக்கிறாய் என்று வேலிக்கு மேலே கேட்டால், "போயிட்டிருக்கு வாத்து" என்பாள். எங்கள் பக்கத்தில் ஆண், பெண், தபால்காரர், பாதிரியார் எல்லோரும் வாத்துதான்.

நெவில் வாழ்நாள் முழுக்க பியர் ஆலை ஒன்றின் முற்றத்தில் பீப்பாய் வண்டி ஓட்டியவன். பகலெல்லாம் பியரைச் சுமந்துவிட்டு, சனிக்கிழமையானால் தன் கார் கொட்டகையில் பியர் காய்ச்சுவான். பெயில் ஏல் என்கிற அந்த வெளிறிய கசப்பு பியரைத் தவிர வேறெதையும் காய்ச்ச மாட்டான். மற்றதெல்லாம் அவனுக்குக் குழந்தைகள் குடிக்கிற சர்பத். முன்தினம் சாயங்காலமே தண்ணீரைப் பிடித்துவைத்து, குளோரின் வாடை போக மாத்திரை போட்டு, உப்புகளை நிறுத்துக் கலக்கி, மறுநாள் காலையில்தான் அடுப்பை மூட்டுவான். அந்தப் பியர் நன்றாக இருந்தது என்பதை நான் ஒத்துக்கொண்டாக வேண்டும். ஆள் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவன், ஆனால் கையில் வித்தை இருந்தது.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி போனது, கூடவே எச்சிலும் ருசியும் போயின. வசந்த காலத்துக்குள் நாக்கு திரும்பிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொன்னபடியே ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் நெவில், "வந்துடுச்சு" என்று அறிவித்தான். தெல்மா எங்கள் வீட்டுக்கு கேக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் ஓடி வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நாக்கு வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எதுவும் உருப்படியாக இல்லாமல் போயிற்று. இறைச்சிக் குழம்பு காகிதம் மாதிரி இருக்கிறது என்றான். வறுத்த உருளைக்கிழங்கு சோப்பு மாதிரி இருக்கிறது என்றான். முப்பது வருடம் அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, இது என்ன பாத்திரம் கழுவின தண்ணியா என்று கேட்டான். ஜன்னல் திறந்திருந்தால் எனக்கு எல்லாம் கேட்கும், மூடியிருந்தாலும் பாதி கேட்கும். தெல்மா கடையை மாற்றினாள், வெண்ணெயை மாற்றினாள், அடுப்பின் சூட்டை மாற்றினாள். நெவிலின் இடுப்புப்பட்டியில் புதிது புதிதாக ஓட்டை விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து எடை பார்க்கிற நர்ஸ், இப்படியே இளைத்தால் வயிற்றில் குழாய் வைத்து உணவு ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்று தெல்மாவிடம் தனியாகச் சொன்னாள்.

"என் பியர் ஒரு அரை கிளாஸ் இருந்தா சாப்பாடு தானா எறங்கும்" என்றான் நெவில். நர்ஸைக் கேட்டார்கள். அரை கிளாஸ் குடித்துத்தான் சாப்பிடுவார் என்றால் குடித்துத் தொலைக்கட்டும் என்கிற மாதிரி அவள் தலையாட்டினாள்.

அவன் காய்ச்சி வைத்திருந்தது எப்போதோ தீர்ந்துவிட்டது. வாளியைத் தூக்க அவன் கையில் வலு இல்லை. கடையில் வாங்கிக் கொடுத்ததை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்த்திவிட்டான். ஆக, தெல்மா தன் விடுமுறை நாளில் கார் கொட்டகைக்குள் போனாள். நெவில் நாற்காலியில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்து ஏவினான்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் பியருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நிலத்தடித் தண்ணீர். ஜிப்சம் பாறையில் ஊறி வருகிற தண்ணீர் அது. அதில் காய்ச்சினால் ஹாப்ஸ் பூவின் கசப்பு சுருக்கென்று நாக்கில் பட்டு, வாய் வறண்டு, இன்னொரு மடக்கு கேட்கும். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் கசப்பு மழுங்கி, தித்திப்பு மட்டும் நாக்கில் படுத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கிணறுகள் ஆலைகளுக்குத்தான். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது ஏரித் தண்ணீர். எனவே பர்ட்டன்காரர்களாகிய நாங்கள் பாக்கெட்டில் ஜிப்சம் வாங்கி, பர்ட்டன் குழாய்த் தண்ணீரில் கொட்டி, பர்ட்டன் தண்ணீர் தயாரிக்கிறோம். இதை வெளியூர்க்காரன் எதிரில் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

முதல் தடவை காய்ச்சியது பாட்டிலில் அடைத்துப் பக்குவமாக ஒரு மாதம் ஆனது. நெவில் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், முகர்ந்தான், ஒரு வாய் குடித்தான். வைத்துவிட்டான்.

"தண்ணி செத்துக் கெடக்கு. சுருக்குன்னு இல்ல."

"நீ சொன்ன அளவுதானே போட்டேன்."

"அப்ப தராசு தப்பு."

தராசு தப்பில்லை. அந்தப் பியரை நான் குடித்தேன், நெவில் காய்ச்சியதைவிட ஒரு மயிரிழை நன்றாகவே இருந்தது. தெல்மா என்னை நம்பவில்லை. நான் எதைக் கொடுத்தாலும் குடிப்பவன் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் ஒரு பாட்டிலை எங்கள் கிளப் தலைவர் டெஸ்மண்ட் வூலியிடம் கொண்டுபோனாள்.

வீட்டில் பியர் காய்ச்சுகிற ஆட்கள் மாதத்தின் முதல் ஞாயிறு மத்தியானம் கால்வாய்க் கரை பப்பின் பின்னறையில் கூடுவோம். அதுதான் கிளப். டெஸ்மண்ட் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். எவன் கொண்டுவந்த பியரையும் அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னது கிடையாது. அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு, "தப்பு ஒண்ணும் இல்ல" என்பது. அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் சொல்லி மகிழ்கிறவர்கள் உண்டு. நெவிலுக்கும் அவருக்கும் ஒரு பழைய சண்டை இருந்தது. உப்பை முன்தினம் பச்சைத் தண்ணீரில் கலக்க வேண்டும் என்பது நெவில் கட்சி. தண்ணீரில் போட்டால் பாதி அடியில் தங்கிவிடும், காலையில் வெந்நீரில் மால்ட் என்கிற முளைகட்டிய பார்லியைக் கொட்டும்போது அதோடு சேர்த்துப் போட வேண்டும் என்பது டெஸ்மண்ட் கட்சி. இதற்காக ஒரு கோடை முழுக்க இருவரும் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். சொத்துத் தகராறில்கூட எங்கள் ஊரில் சீக்கிரம் சமாதானமாகிவிடுவார்கள்.

டெஸ்மண்ட் தெல்மாவின் பியரைக் குடித்துவிட்டு, "தப்பு ஒண்ணும் இல்ல" என்றார். அவள் வீட்டுக்கு வந்து அதை நெவிலிடம் சொன்னாள்.

"டெஸ்மண்டுக்கு நாக்கு எப்ப இருந்துச்சு?" என்றான் அவன்.

அடுத்த முறை ஜிப்சத்தைக் கூட்டினாள். செத்துக் கிடக்கிறது என்றான். அதற்கடுத்த முறை இன்னும் கூட்டி, டெஸ்மண்ட் சொன்னபடி கொஞ்சம் பேதி உப்பும் சேர்த்தாள். பயப்பட வேண்டாம், மருந்துக்கடையில் கிடைக்கும் அதே உப்புதான், துளி சேர்த்தால் கசப்புக்கு எடுப்பாக இருக்கும். அதுவும் செத்துக் கிடந்தது. இப்படியே கோடை போய், இலையுதிர்ந்து, பனியும் வந்தது. ஒவ்வொரு விடுமுறை நாளும் காலையிலிருந்து சாயங்காலம் வரை கொதிக்கிற அண்டா, பிசுபிசுத்த தரை, கழுவக் கழுவத் தீராத வாளிகள். எனக்கு வந்த பாட்டில்களில் சுண்ணாம்பு வாடை மெல்ல ஏறிக்கொண்டே போயிற்று.

ஒருநாள் வேலிக்கு மேலே சொன்னேன். "தெல்மா, ஒரு மாசம் இத விடேன். உன்னைப் பாத்தா நீதான் பேஷன்ட்டு மாதிரி இருக்க."

"விட்டா வயித்துல கொழாய் வெப்பாங்க. ராத்திரி எழுந்து அத நான்தான் பாக்கணும். நீ வருவியா?"

நான் காலி பாட்டிலை வேலிக்கு மேலே நீட்டினேன். அவள் அதை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள்.

தவறு நடந்தது அடுத்த வசந்தத்தில். இல்லத்தில் இரண்டு பேர் லீவு, தெல்மா தொடர்ந்து இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்திருந்தாள். வந்த களைப்போடு சாயங்காலம் நெவில் கட்சிப்படி பச்சைத் தண்ணீரில் உப்புகளைக் கலக்கி வைத்தாள். காலையில் எழுந்து, முன்தினம் செய்தது சுத்தமாக நினைவில்லாமல், டெஸ்மண்ட் கட்சிப்படி மால்ட்டோடு இன்னொரு முறை போட்டாள். ஏற்கனவே கூட்டிக் கூட்டி எங்கேயோ போயிருந்த அளவு அது. அதுவே இரண்டு பங்காகியது. இரண்டு கட்சிக்கும் நல்லவளாக நடந்துகொண்டதற்கு இதுதான் பலன்.

பாத்திரம் கழுவும்போது காலியான பாக்கெட்டைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கொட்டிவிடலாம் என்றால் வாளியைத் தூக்கத் தெம்பில்லை. அப்படியே விட்டாள். ஈஸ்ட்டுக்கு உப்பா சர்க்கரையா என்று என்ன கவலை, அது பாட்டுக்குப் புளித்தது. பிறகு பாட்டிலில் அடைத்து ஒரு மூலையில் வைத்து, எனக்கு ஒன்றைக் கொடுத்தாள்.

"இது கெட்டுப்போச்சு. நத்தைக்கு ஊத்து, குடிக்க வந்து விழுந்து சாகட்டும். தோட்டத்துல தொல்லையா இருக்குன்னியே."

ஓசியில் வந்ததை நத்தைக்கு ஊற்ற மனம் வராமல் நான் குடித்துப் பார்த்தேன். பூச்சு காயாத சுவரை நக்கின மாதிரி இருந்தது. முதல் வாயைத் துப்பிவிட்டு, மரியாதைக்காக இரண்டாவது வாயை விழுங்கினேன். மறுநாள் காலையில் பேதி உப்பு தன் பேரைக் காப்பாற்றியது.

இரண்டு நாள் கழித்து தெல்மா வேலையிலிருந்து வந்தவள் நேராக என் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "உள்ள வா" என்றேன். வரவில்லை.

"அந்தப் பாட்டில அவனே எடுத்துத் தொறந்துட்டான். நான் வீட்டுல இல்லாதப்ப."

"ஐயோ. உடம்புக்கு ஏதாவது?"

"முழு பாட்டிலும் குடிச்சிருக்கான். சீஸ் வெங்காயம் வெச்ச ரொட்டி ரெண்டு சாப்பிட்டிருக்கான். என்னைப் பாத்ததும், இதுதான் தெல்மா, இப்பதான் தண்ணி சரியாச்சுங்கறான்." அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அவனுக்கு நாக்கு வரவே இல்ல. ஒரு வருஷமா வரல."

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. மனிதர்களால் குடிக்க முடியாதது மட்டும்தான் அவன் நாக்கை எட்டியிருக்கிறது. முட்டாள்தனமாக, "சரி, சாப்பிட்டான்ல" என்றேன்.

"ஆமா. சாப்பிட்டான்" என்றாள். "அதனால நீ யார்கிட்டயும் சொல்லாத."

அதன்பிறகு அவள் அந்தத் தவறை வேண்டுமென்றே செய்தாள். பேதி உப்பை மட்டும் குறைத்துக்கொண்டாள். நெவில் அரை கிளாஸ் குடித்தான், தட்டைக் காலி செய்தான், இடுப்புப்பட்டி ஒரு ஓட்டை தளர்ந்தது. நர்ஸ் குழாய்ப் பேச்சை எடுக்கவில்லை. தெல்மா நிம்மதியாக இருக்க வேண்டிய நேரம். அவளோ முன்னைவிட மோசமாகச் சோர்ந்துபோனாள். உண்மை தெரிந்தால் அவன் மறுபடி தட்டைத் தள்ளிவிடுவான் என்ற பயம் அவளைத் தின்றது.

ஜூன் மாதக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன் என்றான் நெவில். "என் பெண்டாட்டி செஞ்சத டெஸ்மண்ட் குடிக்கணும். அவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு நான் பாக்கணும்."

தெல்மா தடுத்துப் பார்த்தாள், அவன் கேட்கவில்லை. கடைசியில் அவள் சம்மதத்தோடு நான் டெஸ்மண்ட் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் பியர் விஷயத்துல பொய் சொன்னதில்ல."

"ஒரே ஒரு தடவை சொல்லுங்க. செத்துற மாட்டீங்க."

"மத்தவங்க?"

"மத்தவங்களுக்கு நான் சொல்லிட்டேன். நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

அந்த ஞாயிறு இருவரையும் என் காரில் அழைத்துக்கொண்டு போனேன். நெவில் சட்டை இஸ்திரி போட்டு வந்திருந்தான். தானே எழுந்து நின்று எல்லோருக்கும் ஊற்றினான். பின்னறையில் இருந்த அத்தனை பேரும் ஒரு வாயாவது குடித்தார்கள். ஒருவன் "அருமை" என்றான், ஒருவன் "பழைய பர்ட்டன்" என்றான், இன்னொருவன் இருமலை அடக்க வினிகரில் ஊறப்போட்ட முட்டையை வாயில் போட்டுக்கொண்டான். தெல்மா ஓரத்தில் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டெஸ்மண்ட் கிளாஸை ஒரே மூச்சில் காலி செய்தார். பாவம், மனிதர் கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு நெவில். தண்ணி பிரமாதம். இன்னும் கொஞ்சம் இருக்கா?"

நெவில் சிரித்தான். சிரித்துக்கொண்டே பாட்டிலைச் சாய்க்கப் போனவன் பாதியில் நிறுத்தினான்.

"என்ன சொன்ன?"

"நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"இருபது வருஷமா உனக்குக் கிளாஸ் கிளாஸா ஊத்திக் குடுத்திருக்கேன். ஒரு தடவை சொன்னதில்ல." அவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். ஒருவரும் நிமிரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினான். "இவன் எங்க குடிச்சாலும் கிளாஸ வழிச்சு நக்குவான். இன்னைக்கு இவன் கிளாஸ் அப்படியே இருக்கு."

நான் கிளாஸைப் பார்த்தேன். இருந்தது.

அவன் மெதுவாக உட்கார்ந்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன், படவில்லை. "எவ்வளவு மோசம்?" என்று டெஸ்மண்டைக் கேட்டான்.

"குடிக்க முடியாது" என்றார் டெஸ்மண்ட். அவருக்கு அதைச் சொன்னபோது மூச்சு வந்தது.

"தெல்மா, உனக்குத் தெரியுமா?"

"நீ நல்லா இருக்குன்னு சொன்ன அன்னைக்கே தெரியும்."

"நாக்கு வரலன்னு எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும்" என்றான் நெவில். "வசந்தத்துல வரும்னாங்க. வரல. வந்துடுச்சுன்னு சொல்லிட்டா ஒருவேளை வந்துடும்னு பாத்தேன். அப்புறம் எப்படிச் சொல்றது?"

"அப்ப என் சமையல்?"

அவன் மேஜையில் சிந்தியிருந்த பியரைச் சட்டைக் கையால் துடைத்தான்.

"ஒரு வருஷம் நெவில்." அவள் குரலை உயர்த்தவில்லை, உயர்த்துவதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. "கைப்பக்குவம் போயிடுச்சுன்னு நெனச்சேன். இல்லத்துல கெழவிங்களுக்கு கேக் செஞ்சு எடுத்துட்டுப் போனேன். நல்லா இருக்குன்னாங்க. பாவம், மறதிக்காரங்க, எது குடுத்தாலும் நல்லா இருக்குங்கறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

நெவில் முகத்தைக் கைகளால் தேய்த்துக்கொண்டான். "உன் சமையல்ல ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான் தெரியல. இனிமே தட்டுல போட்டத சாப்பிடறேன். காகிதமா இருந்தா காகிதம்."

"சரி" என்றாள் தெல்மா. மன்னித்தாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மன்னிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, "வீட்டுக்குப் போலாமா" என்றாள்.

காரில் அவள் பின்சீட்டில் உட்கார்ந்தாள். நெவில் எனக்குப் பக்கத்தில். டிரென்ட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும் முன்பே அவள் தூங்கிவிட்டாள், தலை கண்ணாடியில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து. வெயில் முகத்தில் அடித்தும் அசையவில்லை. நெவில் தன் இருக்கையில் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டு வந்தான். எங்கள் தெருவுக்குள் திரும்பி அவர்கள் வீட்டு முன்னால் வேகத்தைக் குறைத்தேன்.

"நிறுத்தாத" என்றான் மெல்லிய குரலில்.

"வீடு வந்தாச்சு நெவில்."

"தெரியுது. நிறுத்தினா எழுந்துடுவா. எழுந்தா உள்ள போய் எனக்குச் சமைக்க ஆரம்பிச்சுடுவா." அவன் திரும்பி நேராக உட்கார்ந்தான். "இன்னொரு சுத்து போ. அவளா முழிக்கட்டும்."

நான் வீட்டைத் தாண்டி ஓட்டினேன்.